யாரோட மாமா

ஒரு ஊர்ல ஒரு குடும்பம் இருந்துச்சாம். குடும்பம்னா நம்ம வீடு மாதிரி நாலு பேரு அஞ்சு பேரு இல்ல, எழுபத்திரண்டு பேரு. காத்தாயின்னு ஒரு கிழவி, அவ புருஷன், அவங்களுக்கு ஒம்பது மகன், ஒம்பது மருமக, அதுக்கப்புறம் பேரன் பேத்தி நாப்பது, அப்புறம் சித்தப்பன், பெரியப்பன், புருஷன் இல்லாத அத்தைமாருன்னு ஒரு பன்னெண்டு பேரு. எல்லாருக்கும் ஒரே அடுப்பு.

அந்த வீட்டுல காலையில கம்பு குத்த ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் உலக்கைச் சத்தம் ஓயாது. முதல் பந்தி பிள்ளைங்களுக்கு, ரெண்டாம் பந்தி ஆம்பளைங்களுக்கு, மூணாம் பந்தி பொம்பளைங்களுக்கு. மூணாம் பந்தி கை கழுவுறதுக்குள்ள முதல் பந்திக்கு மறுபடியும் பசிச்சிரும். ஒரு பிள்ளையைக் கூப்பிடணும்னா காத்தாயி ஏழெட்டுப் பேரைச் சொல்லிப் பாத்துட்டுத்தான் சரியான பேருக்கு வருவா. ஒரே பிள்ளைக்கு ரெண்டு தடவ எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிருவாங்க, இன்னொரு பிள்ளை மூணு வாரமாக் குளிக்காமத் திரியும். ஒரு தடவ திருவிழாவுக்குப் போயி ஒரு பேரனை விட்டுட்டு வந்துட்டாங்க. மறுநாள் அவனே நடந்து வந்து சேந்து, நேத்து என்னைய விட்டுட்டு வந்துட்டீங்கன்னு சொன்னப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

அந்த வீட்டுக்கு ஒம்பதாவது மருமகளா வந்தவ பேரு சீனியம்மா. கல்யாணமாகி நாலு மாசம். கடைசி மருமகளுக்கு என்ன வேலைன்னா, தயிரு கடையணும், வெண்ணெ உருக்கணும், நெய்யைக் கலயத்துல ஊத்தி உள்ரூம்ல வெச்சுப் பூட்டணும். அந்த நெய்யி யாருக்குமில்ல, பிள்ளை பெத்துப் படுத்திருக்கற மருமகளுங்களுக்கு மட்டும்தான். அப்ப ரெண்டு பேரு பெத்துப் படுத்திருந்தாங்க. ஒவ்வொரு கலயத்துலயும் காத்தாயி தன் கையால சுண்ணாம்புல மூணு பொட்டு வெச்சு விடுவா.

இப்படி இருக்கையில, ஒரு நாள் ஒரு கலயத்தக் காணோம். சீனியம்மா எண்ணிப் பாத்தா, தேடிப் பாத்தா, பூனை உருட்டிருச்சோன்னு நெனச்சுப் பேசாம இருந்துட்டா. பத்து நாள் கழிச்சு ரெண்டாவது கலயத்தக் காணோம். அதுக்கப்புறம் பத்து நாள் கழிச்சு மூணாவது கலயத்தையும் காணோம். பொம்பளைங்க எல்லாரும் துணி தொவைக்க ஆத்துக்குப் போற நாளாப் பாத்துத்தான் காணாமப் போகுது. சாவிக்கொத்தை ஆத்துல விட்டுரக் கூடாதுன்னு அன்னைக்கு மட்டும் ஆணியில மாட்டிட்டுப் போவா. ஆம்பளைங்க காட்டுக்குப் போயிருவாங்க. அப்ப வீட்டுல தெம்பா நடமாடுற ஆளு யாருன்னு யோசிச்சா. மாமா ஒருத்தர்தான்.

மாமான்னு ஒருத்தர் அந்த வீட்டுல இருந்தாரு. நல்லா தாட்டியமான ஆளு. பிள்ளைங்க பந்தியிலயும் உக்காருவாரு, ஆம்பளைங்க பந்தியிலயும் உக்காருவாரு. குழம்புல உப்பு கம்மின்னு சொல்லுவாரு. பிள்ளைங்க எல்லாம் மாமா மாமான்னு அவரு மேல ஏறி விளையாடும். அவரு யாருக்கு மாமான்னுதான் சீனியம்மாவுக்குத் தெரியாது. புதுசா வந்தவ அதை எப்படிக் கேக்கறதுன்னு நாலு மாசமாக் கேக்கல.

இப்ப கேட்டா. மூத்த மருமககிட்டப் போயி, அக்கா, அந்த மாமா உங்க அண்ணனான்னு கேட்டா. எனக்கு அண்ணன் ஏது, மூணாமவ வீட்டு ஆளா இருக்கும்னு சொல்லிட்டு அவ மாவு இடிக்கப் போயிட்டா. மூணாமவகிட்டக் கேட்டா. எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் ஒல்லி, அஞ்சாமவ வகையறாவா இருக்கும்னா. அஞ்சாமவகிட்டக் கேட்டா. அஞ்சாமவ உலக்கையை நிறுத்திட்டு இவளை ஒரு மாதிரியாப் பாத்தா.

"என்னடி இப்படிக் கேக்கறே? உன் கல்யாணத்தன்னைக்குத்தானே அவரு வந்தாரு. உங்க வீட்டு ஆளுன்னுல்ல நான் நெனச்சுட்டிருக்கேன்."

சீனியம்மாவுக்கு அப்பத்தான் புரிஞ்சுது. கல்யாணக் கூட்டத்தோட உள்ள வந்திருக்கான், சாப்பிட்டிருக்கான், படுத்திருக்கான், மறுநாள் யாரும் போன்னு சொல்லல, இருந்துட்டான். ஏதோ ஒரு சம்பந்தி வீட்டு ஆளை நீ யாருன்னு கேட்டா மரியாதை இல்லேன்னு எழுபத்திரண்டு பேரும் வாயைத் திறக்கல.

அவ போயிச் சொல்றதுக்குள்ள காத்தாயி நெய்க் கலயத்தை எண்ணிட்டா. எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டா. சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு கேட்டா. சீனியம்மா, அத்தை, நான் எடுக்கல, இந்த ஆளுதான் எடுத்திருக்கணும், இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டா. உடனே அவன் என்ன செஞ்சான் தெரியுமா? கண்ணைத் தொடச்சுக்கிட்டு முன்னால வந்தான்.

"அத்தை, நான் இவளுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். பேரு ஆண்டியப்பன். சின்னப்புள்ள, தெரியாமச் செஞ்சுட்டுப் பயத்துல என்னையே தெரியாதுங்குது. இந்தத் தடவ மன்னிச்சு விட்டுருங்க. நான் இங்கயே இருந்து இவளுக்குப் புத்தி சொல்லிப் பாத்துக்கறேன்."

எப்பேர்ப்பட்ட அண்ணன்னு எல்லாருக்கும் மனசு உருகிப் போச்சு. சீனியம்மா புருஷன் மருதன்கிட்டக் கேட்டாங்க. கல்யாணத்தன்னைக்கு அவங்க பக்கத்து ஆளுங்க நூறு பேரு வந்தாங்க, அதுல ஒருத்தருன்னுதான் நானும் நெனச்சேன்னு சொல்லிட்டான். காத்தாயி சாவியை வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டா. இன்னொரு கலயம் காணாமப் போனா உன்னைய உங்க வீட்டுக்கே அனுப்பிருவேன்னுட்டா. பிள்ளை பெத்துப் படுத்திருந்த ரெண்டு பேரும் அன்னையிலிருந்து இவ முகத்தைப் பாக்கல. அடுப்படிப் பக்கம் வராதேன்னுட்டாங்க. பிள்ளைங்களுக்குத் தலை சீவி விடு, பேன் பாருன்னு ஒதுக்கிட்டாங்க.

சீனியம்மா அழுது பாக்கல. நாப்பது தலைக்குப் பேன் பாக்கறதுன்னா அழுறதுக்கு எங்க நேரம் இருக்கு? ஒவ்வொரு பிள்ளையா மடியில சாய்ச்சு வெச்சுப் பேன் எடுத்தா. எடுக்கையில அதுங்க பேசும். பெரியவங்க ஒருத்தரை ஒருத்தர் கேக்கறதில்ல, ஆனா பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும். நாலாமவ மக தங்கப்பூன்னு ஆறு வயசுக்காரி, அவ தலையைப் பாக்கையில அவ சொன்னா, மாமா வீட்டுல பேனே இல்ல சித்தின்னு.

மாமா வீடு எங்கடி இருக்குன்னு சீனியம்மா கேட்டா. தங்கப்பூ சொன்னா: ஒரு நாள் இவ அழுதுக்கிட்டே மாமா பின்னால போயிருக்கா, அவன் வேற வழியில்லாம இவளைத் தோள்ல தூக்கிக்கிட்டு வேப்பங்குளத்துக்குப் போயிருக்கான். அங்க பூட்டுன வீடு. உள்ள மூணு குதிரு நெறைய நெல்லு. துண்டுக்குள்ள ஒரு கலயம் கொண்டு போயி அங்க வெச்சான். யாருகிட்டயும் சொல்லாதேன்னு ஒரு வெல்லக்கட்டி குடுத்தான். காலையில போனவ சாயங்காலம் வந்தா, வீட்டுல அவளை ஒருத்தரும் தேடல.

ஆக அவன் இல்லாதவன் இல்ல. தன் வீட்டு நெல்லு கொறையக் கூடாதுன்னு அடுத்தவன் வீட்டுல உக்காந்து திங்கறவன்.

இதைப் போயிச் சொன்னா நம்புவாங்களா? பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துட்டான்னு அதுக்கும் இவளைத்தான் சொல்லுவாங்க. சீனியம்மா ரெண்டு நாள் யோசிச்சா. மூணாம் நாள் மத்தியானம் ஆம்பளைங்க பந்தி உக்காந்திருக்கையில காத்தாயி முன்னால வந்து நின்னா.

"அத்தை, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. அவரு எங்க அண்ணன்தான். நாலு மாசமா நம்ம வீட்டுல சாப்பிடுறாரு, ஆனா நம்ம வீட்டு ஆளுங்க ஒருத்தரும் அவரு வீட்டுல கை நனைக்கல. சம்பந்தி விருந்து வெக்காம அவருக்கும் மனசு கேக்காது. எல்லாருமா ஒரு நாள் போயிட்டு வந்துருவோம்."

பந்தியில இருந்த ஆண்டியப்பன் பெசஞ்ச சோத்தை எலையிலயே வெச்சுட்டான். காத்தாயிக்கு முறைன்னா முறைதான். ஆமா, அதானேன்னா. வீடு ரொம்பச் சின்னதுங்கன்னு அவன் சொன்னான். பரவாயில்ல, மரத்தடியில உக்காந்துக்குவோம்னு சீனியம்மா சொன்னா. சமைக்க ஆளில்லைன்னு சொன்னான். நாங்க ஒம்பது பேரு இருக்கோம்ணேன்னா. இந்த வருஷம் வெளைச்சல் இல்லைன்னு சொன்னான். வேப்பங்குளத்து வீட்டுல மூணு குதிரு இருக்கே, அது போதும்ணேன்னா. அவன் தண்ணியைக் குடிச்சான். அண்ணன் இல்லேன்னு இப்பச் சொன்னா திருடன், ஆமான்னா விருந்து வெக்கணும். விருந்தே மேலுன்னு தலையாட்டிட்டான்.

மறுநாள் விடியவும் ஒம்பது வண்டி கட்டுனாங்க. வழியில எறங்கி ஓடிரலாம்னு அவன் நெனப்பு. ஆனா மடியில மூணு பிள்ளை, தோள்ல ஒண்ணு, காலைக் கட்டிக்கிட்டு ரெண்டு. எங்கருந்து ஓடுறது? வண்டி வேப்பங்குளத்துல போயி நின்னுச்சு. தங்கப்பூ எறங்கி ஓடி, இதுதான் வீடுன்னு காட்டுனா. அவன் அரணாக்கயித்துல சாவி. காத்தாயி கையை நீட்டுனா, குடுத்துட்டான்.

கதவைத் திறந்தா, மூணு குதிரு. குதிருக்குப் பக்கத்துல வரிசையா மூணு கலயம். ஒவ்வொரு கலயத்துலயும் சுண்ணாம்புப் பொட்டு மூணு.

அதுக்குள்ள அக்கம்பக்கத்து ஆளுங்க கூடிட்டாங்க. யாரு இவங்க எல்லாம்னு ஒரு பெரியவரு கேட்டாரு. இவன் தங்கச்சி வீட்டு ஆளுங்கன்னு மருதன் சொன்னான். அவரு சிரிச்சுட்டாரு. இவன் ஒத்தைக்கு ஒரு புள்ளை, ஒட்டு உறவுன்னு யாரும் கெடையாது, ஒருத்தருக்கு ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்லன்னு சொன்னாரு.

காத்தாயி சீனியம்மா பக்கம் திரும்பினா.

"இவன் உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் அத்தை."

காத்தாயி மகனுங்களைப் பாத்து, மாட்டை அவுத்துக் கட்டுங்கன்னா. மருமகளுங்களைப் பாத்து, அடுப்பு வெட்டுங்கன்னா. இடுப்புல இருந்த சாவிக்கொத்தை எடுத்து சீனியம்மா இடுப்புல சொருகி விட்டா. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேக்கல, அந்தக் காலத்து மாமியாருங்க கேக்க மாட்டாங்க. ஆனா அன்னைக்கு மூணாம் பந்தியில முதல் எலையில அவளை உக்கார வெச்சு, தானே நெய்யை ஊத்துனா.

எழுபத்திரண்டு பேரும் அங்கயே தங்குனாங்க. ஒரு வாரத்துல முதல் குதிரு காலி, அடுத்த வாரத்துல ரெண்டாவது குதிரு காலி, அதுக்கு அடுத்த வாரத்துல மூணாவது குதிருல இருந்ததையும் வழிச்சு எடுத்தாச்சு. ஆண்டியப்பன்தான் தண்ணி எறச்சான், வெறகு பொளந்தான், மூணு பந்திக்கும் எச்சி எலை எடுத்தான். எல்லாரும் சாப்பிட்ட பெறகு மிஞ்சுனது அவனுக்கு. எழுபத்திரண்டு பேரு சாப்பிட்டா என்ன மிஞ்சும்? வண்டி கெளம்பையில பிள்ளைங்க மட்டும் போயிட்டு வர்றோம் மாமான்னு சொல்லுச்சுங்க. வராதீங்கன்னு சொல்லக்கூட அவனுக்குத் தெம்பு இல்ல.

அடுத்தவங்க சோத்துல ஒளிஞ்சு தின்னவன் கதை இதுதான். வீட்டுக்குள்ள ஒரு ஆளைப் பாத்தா, நீங்க யாருன்னு மரியாதையா ஒரு வார்த்தை கேட்டுரணும். அவங்க ஒம்பது வண்டியில ஊரு போயிச் சேந்தாங்க, கதையும் அவங்களோட வண்டியேறிப் போயிருச்சு.