யாரைக் கேட்டாய்?

"மேடம், நான் தொழில் தொடங்கலாமா, வேண்டாமா? நீங்களாவது சொல்லுங்க."

கௌசிகாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கல்லூரி ஆய்வகத்தின் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வேதியியலில் முதுகலை முடித்தாயிற்று. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரைப் பரிசோதித்துத் தரும் கூடம் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்க வேண்டும். அந்த நினைப்பில் கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை.

பேராசிரியர் நாச்சியார் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இதுவரைக்கும் யாரைக் கேட்டே, கண்ணு?"

"அப்பாவைக் கேட்டேனுங்க. முதல்ல கல்யாணம் முடியட்டும்னார். அப்பா சொன்னாச் சரின்னு அம்மா சொல்லிட்டாங்க. பட்டறைச் சந்துக்குள்ள பொம்பளப்பிள்ள போயி எப்படித் தண்ணி எடுப்பேன்னு அண்ணன் சிரிக்கிறான்."

"அப்புறம்?"

"மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்வாங்களோ, அதுவும் இருக்குங்களே."

"மாப்பிள்ளை யாரு?"

"இன்னும் பார்க்கலைங்க."

நாச்சியாரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த குடுவையை எடுத்தார்.

அப்போது ஆய்வகச் சாவியைத் திருப்பித் தர சபரீஷ் வந்தான். கௌசிகாவோடு படித்தவன்.

"நீ சோப்புக் கம்பெனி போடப்போறியாமே. யாரைக் கேட்டே?" என்றார் நாச்சியார்.

அவனுக்குக் கேள்வியே பிடிபடவில்லை.

"கேக்கறதுங்களா? வீட்ல சொன்னேனுங்க மேடம். அப்பா காச்சுமூச்சுன்னு கத்தினார். கொஞ்ச நாள் என்கூடப் பேசலை. இப்போ அவரே இடம் தேடிட்டு இருக்கார்."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

கௌசிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவன் ஆம்பளைங்க, மேடம்!"

"ஆமா."

"எங்க வீட்ல கத்தறதோட விடமாட்டாங்க."

"விடமாட்டாங்கதான்."

"தெரிஞ்சுமா இப்படிச் சொல்றீங்க?"

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

மறுபடியும் ஜன்னல். மறுபடியும் கதவு. கையிலிருந்த செல்பேசி அடித்தது.

அப்பா.

"சாமி, ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்க. வெரசா வீட்டுக்கு வா."

"அப்பா, உங்களை ஒண்ணு கேக்க..."

கௌசிகா நின்றாள்.

நாச்சியார் குழாயை மூடினார்.

"இல்லைங்கப்பா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."