இரண்டாவது பெஞ்சுத் தூக்கம்

“அஞ்சு வாரமா தூக்கமே இல்ல, சின்னக்கா.”

சொன்னவர் ஞானாபரணம் ஐயர். கீழே ஊரில் உள்ள சபையின் போதகர். அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு வயது ஐம்பத்தாறு.

சின்னக்காவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மலைச் சரிவில், பொத்தையடியில் அவர் நடத்திவந்த சின்ன ஆசிரமத்துக்கு யார் வந்தாலும், பிஷப்பே வந்தாலும், அவரை அக்கா என்றுதான் சொல்ல வேண்டும். யார் இந்த வழக்கத்தை ஆரம்பித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. மலையில் பாதி தெரிந்தது, பாதி மேகத்துக்குள் போயிருந்தது. சின்னக்கா தாழ்வாரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன். அது உள்ள போய்த் தூங்குது. நான் முழிச்சிக் கிடக்கேன்.”

“யார் மேலயும் கோபமா?”

ஐயர் எல்லாவற்றையும் சொன்னார்.

தங்கபுஷ்பம் என்று ஒரு அம்மாள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருவார். இரண்டாவது பெஞ்சில், ஜன்னல் ஓரம். பாட்டுக்கு எழுந்து நிற்பார். ஜெபத்துக்கு முழங்கால் போடுவார். ஐயர் பிரசங்கபீடத்தில் ஏறி, “பிரியமானவர்களே” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிடும்.

மூன்று வருஷமாக இதே கதை. ஐயர் குரலை உயர்த்திப் பார்த்தார். மேஜையைத் தட்டிப் பார்த்தார். கதை சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் அசையவில்லை. ஆனால் ஐயர் ‘ஆமென்’ சொன்ன அடுத்த நொடி கண் விழித்து, காணிக்கைப் பாட்டை எல்லோருக்கும் முந்திப் பாட ஆரம்பித்துவிடுவார்.

ஐயரின் பிரசங்கத்துக்கு ஜில்லா முழுக்கப் பேர் உண்டு. கன்வென்ஷன் கூட்டங்களுக்கு ஆறு மாதம் முன்னாலேயே தேதி வாங்கிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த சபையில் இந்தச் சங்கடம். ஐந்து வாரத்துக்கு முந்தின ஞாயிறு அவருக்குப் பொறுமை போய்விட்டது. பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி, மைக்கிலேயே கேட்டுவிட்டார், ரெண்டாவது பெஞ்சு அம்மா, வீட்ல பாய் இல்லையோ என்று.

சபை சிரித்தது. தங்கபுஷ்பம் விழித்துப் பார்த்தார். எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஐயருக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

இவ்வளவையும் சொன்ன ஐயர், தான் செய்தது ஏன் நியாயம் என்று விளக்க ஆரம்பித்தார். முதலாவது, ஆலயத்தின் பரிசுத்தம். இரண்டாவது, மற்றவர்களுக்கு இடறல். மூன்றாவதுக்கு வரும்போதுதான் பார்த்தார்.

சின்னக்கா தூங்கிக்கொண்டிருந்தார்.

கையில் ஒரு முருங்கைக் கொத்து அப்படியே இருந்தது. தூணில் தலை சாய்ந்திருந்தது. வாய்கூட லேசாகத் திறந்திருந்தது.

ஐயர் பேச்சை நிறுத்தினார்.

சின்னக்கா உடனே கண்ணைத் திறந்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“தூங்கிட்டீங்களே.”

“ஆமா. நல்லாத் தூங்கினேன். உங்க சத்தம் நின்னுச்சு, முழிப்பு வந்துட்டு.”

ஐயருக்கு முகம் கடுத்தது. தூக்கம் கேட்டு இவ்வளவு தூரம் ஏறி வந்தால், இங்கேயும் தன் பேச்சைக் கேட்டு இன்னொருவர்தான் தூங்குகிறார். எழுந்து போய்விடலாமா என்று யோசித்தார். வெளியே சாரல் வலுத்திருந்தது. குடையும் பழசு.

சின்னக்கா கீரையைச் சுளகில் போட்டார்.

“புயல்ல படகு ஆடும்போது ஒருத்தர் தலையணை வச்சித் தூங்கினாருல்லா. அவரை எழுப்பினது யாரு?”

ஞாயிறு பள்ளியில் கேட்கிற கேள்வி. ஐயர் வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

“ஆண்டவரோட சீஷர்கள்.”

“ஏன் எழுப்பினாங்க?”

“பயந்துபோய்.”

“நீங்க எதுக்குப் பயந்து எழுப்பினீங்க?”

ஐயர் பார்வையை வெளியே திருப்பினார். மேகம் இறங்கி வந்து ஆசிரமத்துக் கிணற்றை மறைத்தது, பிறகு விலகியது. கிணறு அங்கேயே இருந்தது.

கடைசியில் தணிந்த குரலில் கேட்டார், தூக்கம் வருவதற்கு ஒரு வழி சொன்னால் போதும் என்று.

“வராத தூக்கத்தைப் பிறகு தேடலாம். முழிப்புதான் உங்ககிட்ட நிறைய இருக்கே. அதை வீணாக்காதீங்க. அந்த அம்மா வீட்ல கொண்டுபோய்க் குடுங்க.”

“மன்னிப்புக் கேக்கச் சொல்லுதீங்களா?”

“அது பேச்சு. நான் முழிப்பைச் சொல்லுதேன்.”

சின்னக்கா சுளகோடு எழுந்து உள்ளே போய்விட்டார். சமையல் நேரம் ஆகியிருந்தது.

*

ஐந்து வாரம் தூங்காதவருக்குப் பகலே கனவு மாதிரிதான் இருக்கும். ஐயர் பஸ்ஸில் வந்தாரா, நடந்து வந்தாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. தெருவிளக்குக் கம்பங்கள் அவரைப் பார்த்து நடந்து வந்தன. யாரோ தோத்திரம் சொல்லி வணங்கினார்கள். அவர் பதில் சொல்லிக் கொஞ்சம் போன பிறகுதான் அந்தக் குரல் காதில் விழுந்தது.

தங்கபுஷ்பத்தின் வீடு சபைக் கோயிலிலிருந்து நாலாவது தெரு. ஐயர் அந்தச் சபைக்கு வந்த மூன்று வருஷத்தில் அந்த வாசலை மிதித்ததில்லை. வீடு சந்திக்கிற வேலையெல்லாம் அவருக்கு உதவியாக இருந்த உபதேசியார் பார்த்துக்கொள்வார். ஐயருக்குக் கன்வென்ஷன் இருக்கும்.

மத்தியானம் மூன்று மணி. கதவைத் திறந்த தங்கபுஷ்பம், ஐயரைப் பார்த்ததும் நடுங்கிப்போனார். அவர் வாயைத் திறக்குமுன் இந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

“மன்னிச்சிக்கிடுங்க ஐயா. வேணும்னு தூங்கல.”

உள்ளே கட்டிலில் ஒருவர் கிடந்தார். தங்கபுஷ்பத்தின் கணவர், பாக்கியநாதன். அந்தப் பெயர் ஐயருக்குத் தெரியும். நோயாளிகளுக்கான ஜெபத்தில் ஞாயிறுதோறும் வாசிக்கிற பெயர். நாலாவதோ ஐந்தாவதோ வரும். அந்தப் பெயருக்குச் சொந்தமான முகத்தை அன்றுதான் பார்த்தார்.

பாக்கியநாதன் பஸ் ஓட்டினவர். வாதம் அடித்து மூன்று வருஷம் ஆகிறது. பேச்சு இல்லை, கை கால் அசைவு இல்லை. கண் மட்டும் வருகிறவர் போகிறவர் பின்னால் ஓடும். தொண்டையில் சளி அடைத்தால் உடனே ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுக்க வேண்டும். இரண்டு நிமிஷம் தாமதித்தால் ஆளே இருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பயந்து தங்கபுஷ்பம் மூன்று வருஷமாக ராத்திரியும் பகலும் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஞாயிறு காலையில் மட்டும் கொழுந்தன் வந்து இரண்டு மணி நேரம் உட்காருவார்.

அந்த நேரத்தில் வீட்டிலேயே தூங்கலாமே என்று ஐயர் கேட்டார். கேட்கும்போதே அது எவ்வளவு மட்டமான கேள்வி என்று அவருக்குத் தெரிந்தது.

“வீட்ல வராது ஐயா. யாரு பக்கத்துல இருந்தாலும் என் காது அவுக மூச்சையே தேடுது. கோயில்லதான் வரும். நீங்க பேசிக்கிட்டே இருப்பீங்களா, யாரோ ஒருத்தர் முழிச்சிருக்காங்கன்னு கண்ணு தானா மூடிரும்.”

தன் பிரசங்கத்தில் எதையாவது கேட்டதுண்டா என்று ஐயர் கேட்டார். இந்தத் தடவை குரலில் குத்தல் இல்லை.

தங்கபுஷ்பம் முந்தானை முனையை விரலில் சுற்றினார். ஆரம்பம் மட்டும் கேட்பாராம்.

“அன்னிக்குச் சொன்னீங்க, நம்மளக் காக்கிறவரு கண்ணே அசர மாட்டாருன்னு. அவ்வளவுதான் காதுல விழுந்துச்சு. அவரு முழிச்சிருந்தா நான் தூங்கலாம்லா ஐயா?”

அந்தப் பிரசங்கத்தை ஐயர் இருபத்தேழு வருஷமாக ஒன்பது சபைகளில் செய்திருக்கிறார். மூன்று தலைப்பு, இரண்டு உதாரணம், முடிவில் அழவைக்க ஒரு சம்பவம். இந்த அம்மாள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க படுங்கம்மா. நான் இருக்கேன்.”

தங்கபுஷ்பம் கேட்கவில்லை. ஐயர் போய் இந்த வேலையெல்லாம் செய்வதா என்றார். ஐயர் வெள்ளை அங்கியின் கையை மடக்கிவிட்டு, எப்படித் திருப்ப வேண்டும், எந்தப் பக்கம் தலையணை கொடுக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். ஒரு தடவை செய்தும் காட்டினார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் அடுப்படியில் பாயை விரித்தார்.

வீடு அமைதியானது. கூரைத் தகரத்தில் சாரல் சத்தம் மட்டும்.

“ஐயா, இருக்கீங்களா?” அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“இருக்கேன்மா.”

கொஞ்ச நேரம் போயிற்று.

“ஐயா?”

“இருக்கேன்.”

மூன்றாவது தடவை குரல் வந்தபோது ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கட்டிலில் கிடந்த ஒரே ஒரு ஆளைப் பார்த்து மெதுவாக ஆரம்பித்தார்.

“பிரியமானவர்களே.”

ஐந்து வாரத்துக்கு முன்னால் எந்த வாக்கியத்தில் நிறுத்தினாரோ, அதிலிருந்தே தொடர்ந்தார். பாக்கியநாதனின் கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. இரண்டாவது தலைப்பு முடியுமுன் அடுப்படியில் குறட்டை கேட்டது.

மூன்று தலைப்பும் தீர்ந்தது. உதாரணங்கள் தீர்ந்தன. ஐயர் நிறுத்தவில்லை. தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். முதல் பிரசங்கத்தில் கால் நடுங்கினதைச் சொன்னார். நடுவில் இரண்டு தடவை சளி அடைத்தது. ஒருக்களித்து, துடைத்து, மறுபடி படுக்கவைத்தார். அப்போதும் வாய் ஓயவில்லை. பிறகு யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“ஒரு ஆள் தூங்கினாலும் எனக்குப் பயம் அண்ணாச்சி. என் பேச்சுல ஒண்ணுமே இல்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சோன்னு.”

பாக்கியநாதன் கண்ணை மூடித் திறந்தார். அது ஆமாவா இல்லையா என்று ஐயருக்கு விளங்கவில்லை. அவர் பேசிக்கொண்டே போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் தங்கபுஷ்பம் எழுந்தார். அன்று ராத்திரி ஐயரும் தூங்கினார்.

*

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்து வீட்டில் உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் இரண்டாவது பெஞ்சில், ஜன்னல் ஓரம். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐயர் பீடத்தில் ஏறினார். அந்த அம்மாள் விழித்திருக்கப் பாடுபடுவது அங்கிருந்து தெரிந்தது. தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டிருந்தார்.

அவர் மேஜையைத் தட்டவில்லை. குரலைத் தாழ்த்தினார். மைக் செட்டுக்காரர் ஓடிவந்து மைக்கைப் பார்த்தார், அதில் ஒரு கோளாறும் இல்லை. மூன்றாவது நிமிஷத்தில் கை கிள்ளுவதை விட்டது. ஐந்தாவது நிமிஷத்தில் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது.

பிரசங்கம் வழக்கம்போல அரை மணி நேரத்தில் முடிவுக்கு வந்தது. சபையார் பாட்டுப் புஸ்தகத்தைக் கையில் எடுத்தார்கள். வீடுகளில் கறி வேகிற நேரம்.

ஐயர் ஆமென் சொல்ல மூச்சு இழுத்தார். அந்தச் சின்ன இடைவெளியில் இரண்டாவது பெஞ்சில் இமை அசைந்தது.

பின்னாலிருந்து, மணியடிக்கிற கோயில்பிள்ளை கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

“கடைசியாக ஒரே ஒரு வார்த்தை,” என்று சொல்லிவிட்டு, ஐயர் ஆதாமிலிருந்து ஆரம்பித்தார்.