கயிறில்லாத சுற்று

பெரியாண்டிக்கு அறுபத்திரண்டு வயது. மடத்து அம்மாவுக்கோ அவர் மகள் வயதுதான். இருந்தாலும் தீட்சை வாங்கிய நாளிலிருந்து வாய் நிறைய "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு வந்தவர் கும்பிடக்கூட இல்லை. மடியில் புதுப் பீடிக்கட்டு முட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு பத்த வச்சுக்கிறேம்மா. அனுமதி குடுங்க."

நாற்பது வருஷம் மரச்செக்கு ஆட்டிய மனுஷன். செக்கு சுற்றிய சுற்றுக்கு ஈடாகப் பீடியும் ஊதித் தள்ளியவர். கால்விரல் இரண்டு கறுத்துப்போய் வெட்டியாயிற்று. இனியும் ஊதினால் காலே போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கே பீடியை விட்டார். செக்கையும் நிறுத்தி, மாடு மயிலையை மடத்துக்குக் கொடுத்துவிட்டார். பத்தொன்பது நாளாகிறது.

"குடிச்சப்ப நல்லாத்தான் இருந்தேன். விட்டப்புறம்தான் இருமல் பிச்சு எடுக்குது. தூக்கம் இல்ல. காலையில வெளிக்கிப் போக முடியல. சோத்துல உப்பு கம்மின்னு இன்னிக்குத் தட்டைத் தூக்கி எறிஞ்சிட்டேன். என் பொண்டாட்டியே, 'நீ பீடி குடிச்சே தொலைய்யா'ங்கிறா."

அம்மா கொல்லைப்பக்கம் நடந்தார். அவரும் நொண்டிக்கொண்டே பின்னால் போனார்.

அங்கே வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது மயிலை. வந்ததே அவருக்குக் கோபம்!

"நிம்மதியா கிடக்கட்டும்னுதானே குடுத்தேன்? இங்கயும் கட்டிச் சுத்த விட்டிருக்கீங்களே, இது அடுக்குமா?"

"கயிறு எங்க இருக்குன்னு பாருங்க ஐயா."

பார்த்தார். கழுத்தில் இல்லை. மரத்திலும் இல்லை.

"ஐயோ, மயிலை... என்னடா ஆச்சு உனக்கு?"

"செக்கு ஆட்டுற நேரம் வந்தா எந்திரிச்சிருது. பாவமா இருந்தா ஓட்டிட்டுப் போய் மறுபடி செக்குல பூட்டிருங்க."

"என்னம்மா பேசுறீங்க! கழுத்துப் புண்ணே இப்பத்தான் ஆறி..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

"முதல் நாள் இருநூறு சுத்து. நேத்து நாப்பது" என்றார் அம்மா.

பெரியாண்டி அங்கேயே உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். நடுவில் கை தானாக மடிக்குப் போனது. எண்ணிக்கை தவறிவிடுமே என்று கையை எடுத்துக்கொண்டார். பதினாறாவது சுற்றில் மயிலை நின்றது. தரையை முகர்ந்துவிட்டுப் புல்லில் வாய் வைத்தது.

"நாளைக்குச் சுத்தாதுல்லம்மா?"

"தெரியாது. வந்து எண்ணுங்க."