டீத்தண்ணீரில் ஊறிய பதினொரு முட்டை

"பிரமு, முட்டைக்குள்ள உயிர் இருக்கா இல்லையான்னு வெளியில இருந்தே கண்டுபிடிக்க முடியுமா?"

ஜெயசீலி டீச்சர் இப்படிக் கேட்டபோது பிரமு கேக்குக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். நுரை பொங்கி வந்திருந்தது. கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"முடியும் டீச்சர். ஏழாம் நாள் இருட்டுல வச்சு டார்ச் அடிச்சா தெரிஞ்சிரும். உயிர் இருந்தா உள்ள நரம்பு ஓடும். இல்லேன்னா வெறும் மஞ்சக்கருதான்."

"நீ அடிச்சுப் பாத்தியா?"

"நீங்க தந்த முட்டை. அதைப் போயி எதுக்குப் பாக்கணும்?"

டீச்சர் பார்வை பிரமு வீட்டுக் கொல்லைப் பக்கம் போனது.

யார் குரு, யார் சிஷ்யை என்று குழம்பிவிடாதீர்கள். ஜெயசீலிக்கு அறுபத்தோரு வயது. முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள். பிரமுவுக்கு முப்பத்து மூன்று. எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் ஒரு பேக்கரியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். பிறகு வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்து, அந்த முட்டையிலேயே கேக் செய்ய ஆரம்பித்தவள்.

இந்தக் கதையில் பிரமுதான் குரு.

ஓய்வு பெற்ற மறுமாதமே டீச்சர் பிரமுவின் கொல்லையில் வந்து நின்றாள். கோழி வளர்க்கவும் கேக் செய்யவும் கற்றுத் தரச் சொன்னாள். கூடு கட்ட, தீனி வைக்க, ஒரே பக்கமாக முட்டை அடிக்க, அடிகனமான சட்டியில் மணலைக் கொட்டி அடுப்பில் வைத்துக் கேக் சுட, எல்லாம் பிரமுவிடம் படித்ததுதான். டீச்சர் சுட்ட முதல் கேக்கைத் தெரு நாய் மோந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? ஒரே வருஷத்தில் ஊரில் பேர் வாங்கிவிட்டாள். பிறந்தநாளா, ஞானஸ்நானமா, "டீச்சர் வீட்டுக் கோழி முட்டைக் கேக்கு" இல்லாமல் நடக்காது என்று ஆகிவிட்டது.

அந்தப் பேர்தான் வினையாகப் போயிற்று.

ஐப்பசி மழையில் டீச்சரின் கோழிகள் இறகு உதிர்த்தன. இறகு உதிர்க்கிற கோழி முட்டை போடாது. உலகத்தில் எந்தக் கோழியும் அப்படித்தான். கேக் கேட்டு வந்தவர்களிடம், "கோழி முட்டை விடல, கொஞ்ச நாள் பொறுங்க" என்று சொல்லியிருந்தால் முடிந்தது.

சொல்ல வாய் வரவில்லை.

கடையில் சின்னச் சின்ன வெள்ளை முட்டையாகப் பொறுக்கி வாங்கினாள். கெட்டியாக டீத்தண்ணீர் போட்டு, அதில் அவற்றை ஊறவைத்தாள். நாட்டுக்கோழி முட்டை மாதிரியே நிறம் வந்தது. கூடையில் அடுக்கி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி சமையலறை மேசையில் வைத்தாள். காப்பியடித்த பிள்ளைகளை முப்பத்து நான்கு வருஷம் பிடித்துக் கொடுத்த அம்மாளைப் பார்த்தீர்களா!

கேக் நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. அதனால் அடுத்த வாரமும் செய்தாள்.

ஒரு நாள் தெருக்கோடி மெர்சிபாய் கேக் சொல்ல வந்து அந்தக் கூடையையே வியந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பிரமு உள்ளே நுழைந்தாள்.

"டீச்சர், என் செவலைப் பெட்டை மொத மொதலா அடைக்கு உக்காந்திருக்கு. உங்க சேவல் நல்ல சேவல். உங்க முட்டைய வச்சுக் குஞ்சு எடுக்கலாம்னு ஆசையா இருக்கு. ஒரு பதினொண்ணு தாங்களேன்."

குரு வந்து சிஷ்யையிடம் கேட்கிறாள். மெர்சிபாய் வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூடையில் சரியாகப் பதினொன்று இருக்கிறது.

டீச்சர் என்ன செய்தாள் என்று நான் சொல்ல வேண்டுமா?

எண்ணிக் கொடுத்தாள். பிரமு மடியில் வாங்கிக்கொண்டு போனாள்.

அது நடந்து இன்றோடு பத்தொன்பது நாள். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்க வேண்டும்.

பிரமு நுரையில் மாவைத் தூவிக் கலக்க ஆரம்பித்தாள். டீச்சர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பவும் சுற்றினாள்.

"பிரமு."

"சொல்லுங்க டீச்சர்."

"அது என் கோழி முட்டை இல்ல."

பிரமுவின் கை நின்றது.

"கடை முட்டை. நான்தான் டீத்தண்ணியில சாயம் ஏத்தினேன். அதுல குஞ்சு வராது. மெர்சி பக்கத்துல நின்னா. எனக்கு நாக்கு எழும்பல. தெனமும் வந்து சொல்லிரணும்னுதான் கிளம்புவேன். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருவேன்."

பிரமுவின் முகம் கறுத்துவிட்டது. கையிலிருந்த மாவைச் சட்டியின் விளிம்பில் மெதுவாக வழித்தாள்.

"ஏதாவது சொல்லு பிரமு. திட்டக்கூடச் செய்."

"கோவம் வருது டீச்சர். ஆனா அது என் பாடு. நீங்க எங்கூட வாங்க."

கொல்லையில், கூரைச் சாய்ப்பின் கீழே, வைக்கோல் போட்ட பெட்டியில் செவலைக் கோழி உட்கார்ந்திருந்தது. கொண்டை வெளுத்திருந்தது. உடம்பு பாதியாகிவிட்டிருந்தது.

"ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் எந்திரிக்கும். அவசர அவசரமா நாலு நெல்லு கொத்திட்டு ஓடி வந்திரும், முட்டை ஆறிரக் கூடாதுன்னு. கைய அடியில விட்டுப் பாருங்க."

டீச்சர் குனிந்து கையை விட்டாள். கோழி சிலிர்த்துக்கொண்டு நறுக்கென்று கொத்தியது. புறங்கையில் ரத்தம் துளிர்த்தது. டீச்சர் கையை எடுக்கவில்லை.

"சூடா இருக்கா?"

"இருக்கு."

"அது குறையே வைக்கல டீச்சர்."

ஐயோ என்றிருந்தது டீச்சருக்கு. வகுப்பில் எத்தனை பிள்ளைகளை எல்லார் முன்னாலும் நிற்கவைத்திருப்பாள்! இங்கே நிற்கச் சொல்ல யாரும் இல்லை. ஒரு கோழி மட்டும் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தை டீச்சரால் பார்க்க முடியவில்லை.

"எடுங்க," என்றாள் பிரமு.

"நானா?"

"நீங்க தந்தது. நீங்கதான் எடுக்கணும்."

ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொத்து. பதினொன்றும் வெளியே வந்ததும் கோழி எழுந்து நின்றது. வைக்கோலைக் காலால் கிளறியது. அலகால் இந்தப் பக்கம் தேடியது, அந்தப் பக்கம் தேடியது. பிறகு இறகை விரித்துக்கொண்டு வெறும் வைக்கோல் மேலேயே உட்கார்ந்தது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பிரமு, ஒண்ணு செய்வோமா? சந்தையில குஞ்சு வாங்கிட்டு வந்து இதுக்கு அடியில விட்டுருவோம். தான் பொரிச்ச குஞ்சுன்னு நெனச்சுக்கிடும்."

"செய்யத்தான் போறேன். சாயங்காலமே வாங்கிட்டு வந்திருவேன். கோழிக்கு அது போதும்."

"அப்ப எனக்கு?"

பிரமு குனிந்து அந்த முட்டைகளை ஒரு சட்டியில் அள்ளினாள்.

"எனக்கு மட்டுந்தான் தந்தீங்களா டீச்சர்?"

டீச்சர் முந்தானையால் புறங்கையைத் துடைத்துக்கொண்டு, வேலிப் படலைத் திறந்து தெருவுக்கு வந்தாள்.

வேலியை ஒட்டித்தான் தெருக்குழாய். குடம் வைத்து நாலைந்து பெண்கள் நின்றார்கள். அவர்களில் மெர்சிபாயும் இருந்தாள்.

"நல்லதாப் போச்சு, டீச்சரே வந்துட்டாங்க! ஞாயித்துக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம். கேக்கு மறந்திராதீங்க. உங்க வீட்டு முட்டைதானே?"

டீச்சர் மெர்சிபாயின் குடத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"இல்ல மெர்சி. என் கோழி ஐப்பசியில இருந்து முட்டையே விடல. நான் போட்டதெல்லாம் கடை முட்டை. டீத்தண்ணியில சாயம் ஏத்தி உங்களையெல்லாம் ஏமாத்தியிருக்கேன்."

சொன்ன குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

மெர்சிபாய் ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கேட்டியளா! டீச்சருக்கு வேடிக்கையைப் பாருங்க! யம்மா, நீங்களாவது பொய் சொல்லுறதாவது!"

"டீச்சர் நம்மள சோதிச்சுப் பாக்காங்க," என்றாள் இன்னொருத்தி.

குழாயடியே சிரித்தது. ஒருத்தி டீச்சரின் கையைப் பாசத்தோடு பிடித்துக்கொண்டாள். கொத்துப்பட்ட கை. டீச்சருக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. ஒரு பக்கம், உள்ளுக்குள், அப்பாடா என்றும் இருந்தது.

சொல்லியாச்சு. நம்பாதது அவர்கள் பாடு. இனி வீட்டுக்குப் போகலாம்.

அவளும் லேசாகச் சிரித்துக்கொண்டு ஒரு எட்டு எடுத்து வைத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பிரமுவின் குரல் வந்தது.

"சத்தமாச் சொல்லுங்க டீச்சர். யாருக்கும் கேக்கல."