மேலே ஓடிய வரைபடம்

எனக்குக் கெடுதல் செய்தவர் தணிகாசலம். அணையின் கட்டுப்பாட்டு அறையில் மேற்பார்வையாளர். அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

மணிக்கொரு முறை கணினியில் நீர்மட்ட வரைபடத்தைப் பார்த்து, மதகு திறப்பவர்களுக்குச் சொல்வது என் வேலை. அந்த அறைக்கு நூற்று நாற்பது படி. எனக்கு முழங்கால் போய்விட்டது.

பொறியாளர் ஒரு வழி சொன்னார். கீழே குடியிருப்பில் இருந்தபடியே வரைபடத்தைத் திறந்து காட்டினால் வேலையில் இருக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். திங்கட்கிழமை வந்து பார்ப்பேன் என்றார்.

தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக மேலே உள்ள கணினிக்குள் நுழைந்தேன். கறுப்புத் திரையில் எழுத்து ஓடியது. வரைபட நிரலின் பெயரை அடித்தால், காட்டுவதற்குத் திரை இல்லை என்று வந்தது. தணிகாசலத்துக்கு போன் செய்தேன்.

“டிஸ்ப்ளே ஈக்குவல் கோலன் ஜீரோன்னு அடிச்சிட்டு, திரும்பப் போடுங்க மாசிலாமணி.”

அடித்தேன். பிழை வரவில்லை. வரைபடமும் வரவில்லை. போனில் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

“வந்திருச்சுய்யா உங்க வரைபடம்! இங்க, என் திரையில. படியேறி வந்து பாருங்க.”

எனக்குக் கணினி கற்றுக்கொடுத்தவர் பிரிசில்லா டீச்சர். வயது இருபத்தாறு. அவரிடம் போனேன்.

“ஜீரோன்னா அந்தக் கணினியோட சொந்தத் திரை, ஐயா. தெரிஞ்சேதான் சொல்லியிருக்கார்.”

“என் திரைக்கு வர என்ன செய்யணும்?”

“உள்ளே போகும்போதே சொல்லணும், என் திரையும் கூட வருதுன்னு.”

மேலே உள்ள கணினியிலிருந்து வெளியே வரச் சொன்னார். மறுபடி நுழையும்போது கட்டளையில் ஒரு சின்னக் கோடும் பெரிய எக்ஸும் சேர்க்கச் சொன்னார். வரைபடம் என் முன்னால் மெதுவாகத் திறந்தது. நூற்றுப் பதினோரு அடி.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் தேநீர் போட எழுந்து போனார்.

திங்கட்கிழமை பொறியாளர் வந்து பார்த்தார். “இருங்க மாசிலாமணி” என்றார்.

மறுநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் போனேன். அதில் வரைபடம் திறந்தபடியே இருந்தது.

“இப்போ அவர் திரையில என்னாலயும் ஒரு ஜன்னல், அதான் விண்டோ, திறக்க முடியும். ஒரு கழுதைப் படம் போடப் போறேன், டீச்சர்.”

“போடலாம். அப்புறம்?”

“அவர் மன்னிப்புக் கேட்கணும்.”

“கேட்கலைன்னா?”

“கேட்கிற வரைக்கும் அந்தச் சிரிப்பு எனக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும்.”

டீச்சர் என் கடவுச்சொல்லைக் கேட்டு, தன் கணினியிலிருந்து மேலே உள்ள கணினிக்குள் நுழைந்தார். அங்கே ஓடும் நிரல்களின் பட்டியலைக் காட்டினார். என் வரைபடம் அதில் இருந்தது. பிறகு கை நீட்டி, என் மடிக்கணினியில் இருந்த இணைப்பைத் துண்டித்தார். வரைபட ஜன்னல் மறைந்தது. பட்டியலை மறுபடி எடுத்தார். வரைபடம் அதிலும் இல்லை.

“மேல ஓடினது எப்படி நின்னுச்சு? அங்க யாரும் நிறுத்தலையே?”

“இங்க திரை கொடுக்க ஆள் இல்லையே, ஐயா.”

அந்தச் சிரிப்புக்குத் திரை கொடுத்தது நான்தான்; கழுதைப் படம் போடவில்லை. தணிகாசலம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.