ஒயர் இல்லாத மவுஸ்

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஆசிரமம். குரு பூரணி அம்மைக்கு முப்பத்தெட்டு வயது. சீடர் சுடலைமுத்துவுக்கு அறுபத்தேழு. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரையே அதட்டிப் பழகிய மனுஷன். அம்மை முன்னால் பணிந்து உட்காருவதற்கே அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

அன்று காலையில் அவர் கேட்டார்.

"அம்மா, ஒருத்தரை மனசார மன்னிச்சா அது அவங்களுக்குப் போய்ச் சேருமா?"

"யாரை மன்னிச்சீங்க?"

"என் தங்கச்சியை. பதினோரு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. ஆனா நான் தினமும் தியானத்துல அவகிட்ட பேசுதேன். 'எல்லாத்தையும் மறந்துட்டேன் தாயி'ன்னு சொல்லுதேன். நாளை மறுநாள் அவ மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் இங்க கெடக்கேன். ஒரு பத்திரிகைகூட வரலையே!"

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அம்மை, "ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டருக்குப் புது மவுஸ் வந்திருக்கு. அதைக் கொஞ்சம் வேலை செய்ய வைங்க" என்றார்.

பழைய மவுஸின் ஒயரை எலி கடித்துவிட்டிருந்தது. புதியது ஒயர் இல்லாதது. சுடலைமுத்து அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். அடி மூடியைத் திறந்து பேட்டரியைப் போட்டு, சுவிட்சைத் தள்ளினார். அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் திரையில் அம்புக்குறி அசையவே இல்லை.

மேஜையைத் துடைத்துப் பார்த்தார். வேறு பேட்டரி போட்டுப் பார்த்தார். காகிதத்தின் மேல் வைத்து உருட்டினார், துண்டின் மேல் வைத்து உருட்டினார். கடைசியில் உள்ளே இருந்த தாசில்தார் வெளியே வந்துவிட்டார். "ஏய், நகரப்போறியா இல்லையா?" என்று மவுஸை அதட்டினார். அது தாசில்தாருக்கெல்லாம் பயப்படுகிற ஜாதி இல்லை.

மத்தியானம் அம்மை வந்து பார்த்தார்.

"இது செத்த மவுஸும்மா. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"விளக்கு எரியுதே?"

"எரியுது. அதான் எனக்கும் புரியல."

அம்மை மவுஸைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினார். பேட்டரிக்குப் பக்கத்துக் குழியில் நகத்தளவு ஒரு துண்டு செருகியிருந்தது.

"இதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அதோட உறுப்புதானேன்னு அங்கேயே விட்டுட்டேன்."

"இது ரிசீவர். மவுஸ் சொல்லுறதைக் கேக்குறது. இது அந்தப் பக்கம் இருக்கணும்."

அதை எடுத்து சிபியு பெட்டியின் யுஎஸ்பி துளையில் செருகினார். மவுஸை நகர்த்தியதும் அம்புக்குறி ஓடியது.

சுடலைமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். திரை முழுக்க நாலு சுற்று சுற்றவிட்டார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"அம்மா, காலையில நான் கேட்டதுக்கு..."

"தங்கச்சிகிட்ட தினமும் பேசுதீங்க."

"ஆமாம்மா. ஒரு நாள் தவறினது கிடையாது."

அம்மை மவுஸை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

"இதுவும் காலையில இருந்து பேசிக்கிட்டுதான் இருந்துச்சு."