வாத்தியாரம்மாவின் காதில் விழாத குரல்

முன்னொரு காலத்தில், கடல் இந்த அளவுக்கு உப்புக் கரிக்காத காலத்தில், ஆழித்துறை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. கதை கேட்கிறவர்கள் ‘உம்’ கொட்ட வேண்டும் என்பது வழக்கம். இந்தக் கதைக்கு மட்டும் அது வேண்டாம். சும்மா கேளுங்கள், போதும். ஏன் என்று போகப்போக உங்களுக்கே தெரியும்.

ஆழித்துறை ராஜா மகுடவர்மருக்கு எல்லாம் இருந்தது, இங்கிலீஷ் மட்டும் இல்லை. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்காரர்கள் பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான். ஒரு தடவை ஒரு கேப்டன் கொடுத்த கடுதாசியை ராஜா தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “ஆகட்டும், ஆகட்டும்” என்று தலையாட்டினார். சபையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராஜா அன்றைக்கே உத்தரவு போட்டார்: ஊர்ப் பிள்ளைகள் இங்கிலீஷ் படித்தாக வேண்டும். தான் படிப்பதைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வார்த்தை கிடையாது.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே. ஊரிலேயே அந்தப் பாஷை தெரிந்தவள் ஒருத்திதான், அவள் பெயர் செண்பகவடிவு. அவள் புருஷன் கப்பலில் துபாஷியாக இருந்தவன். இரண்டு பாஷைக்காரர்களுக்கு நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வது அவன் பிழைப்பு. அவளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தான். ஒரு மார்கழியில் அவன் ஏறிப்போன கப்பல் திரும்பி வரவில்லை. அவன் விட்டுப்போனது அந்தப் பாஷையையும் இளவஞ்சி என்ற ஒரு பெண்குழந்தையையும்தான். பாஷையை அவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள்.

செண்பகவடிவு சொல்லிக்கொடுக்கிற அழகே அழகு. சொற்களைக் குடும்பம் குடும்பமாகக் கூட்டி வருவாள். “கேட், பேட், மேட், ரேட். நாலும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. பின்னாடி ரெண்டு எழுத்தும் எல்லாருக்கும் ஒண்ணு, முன்னாடி எழுத்துதான் ஆளுக்கு ஒண்ணு” என்பாள். நீளமான சொல்லைக் கண்டு பிள்ளைகள் மிரண்டால், மீன் நறுக்குகிற மாதிரி தலை, நடுத்துண்டு, வால் என்று மூன்றாக நறுக்கி வைப்பாள். அன், ஹேப்பி, நெஸ். நடுத்துண்டு சந்தோஷம். அன் என்ற தலை வந்தால் சந்தோஷம் போய்விடும். நெஸ் என்ற வாலும் ஒட்டிக்கொண்டால் அந்தச் சந்தோஷமில்லாமைக்கே ஒரு பெயர் வந்துவிடும். அதற்குப் பிறகு தொடர்கள். எப்போது என்று சொல்ல ஒரு தொடர், இன் த மார்னிங். எங்கே என்று சொல்ல ஒரு தொடர், ஆன் த ஷிப். எப்படி என்று சொல்ல ஒரு தொடர், வித் எ ஸ்மைல்.

நாற்பது பிள்ளைகளும் ராகம் போட்டு ஒரே குரலில் சொல்ல வேண்டும். அதுதான் அவள் முறை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மொத்தச் சத்தத்தில் எங்கே பிசிறு தட்டுகிறதோ அங்கே பிரம்பால் பலகையை ஒரு தட்டு. யாரையும் தனியாக எழுப்பிக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதிலும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த இளவஞ்சி பக்கம் கண்ணைக்கூடத் திருப்ப மாட்டாள். பெற்ற பிள்ளைக்கு ஓரவஞ்சனை செய்கிறாள் என்று யாரும் வாய் திறக்கக் கூடாதாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நாற்பது சிலேட்டுகளைத் திருத்த வேண்டும். இளவஞ்சி எதிரில் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மாக்காரி தலை நிமிராமல் “உம்” என்பாள். மகள் இன்னும் ஏதோ சொல்வாள். “உம்.” மறுபடியும் சொல்வாள். “உம். எல்லாத்தையும் திருத்திட்டு வரேன்மா.”

இப்படி இருக்கும்போது ராஜாவிடமிருந்து ஓலை வந்தது. தை மாதம் பெரிய கப்பல் வருகிறது, நாற்பது பிள்ளைகளும் பிழையில்லாமல் ஒரே குரலில் இங்கிலீஷில் வரவேற்புச் சொல்ல வேண்டும், ஒரு பிசிறு கேட்டாலும் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டு வாத்தியாரம்மா ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.  எவ்வளவு பாடுபட்டாலும் நாற்பது பிள்ளைகளில் ஒன்று தடுமாறத்தான் செய்யும்.

ஊருக்கு மேற்கே மொட்டைப்பாறை. அதன் உச்சிக் குகையில் எட்டுக்காதன் என்று ஒரு மாயாவி இருந்தான். பக்கத்துக்கு நாலாக அவனுக்கு எட்டுக் காது. அந்தப் பாறையில் எதிரொலிகூடக் கிடையாது. கூப்பிட்டால் கூப்பிட்ட குரல் அப்படியே செத்துப்போகும். எட்டுக் காதை வைத்துக்கொண்டு கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தான் பாவம். செண்பகவடிவு வேறு வழி தெரியாமல் அவனிடம் போனாள்.

“உன் நாப்பது பிள்ளைங்களையும் பிசிறு தட்டாம சொல்ல வைக்கிறேன். அதுக்கு நீ என்ன தருவே?” என்றான் எட்டுக்காதன்.

“எங்கிட்ட என்னய்யா இருக்கு?”

“உன் காதுல விழாத குரல் ஒண்ணு. அது போதும் எனக்கு.”

செண்பகவடிவு யோசித்தாள். காதில் விழாத குரல் என்றால் எறும்பாக இருக்கும், இல்லை எங்கோ காட்டில் கத்துகிற பூச்சியாக இருக்கும். “காதுலயே விழாததை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? எடுத்துக்க” என்றாள்.

மறுநாளே பள்ளிக்கூடத்தில் அதிசயம் நடந்தது. குடும்பச் சொற்களைச் சொன்னார்கள், பிசிறில்லை. தலை, நடுத்துண்டு, வால் சொன்னார்கள், பிசிறில்லை. தொடர்களைச் சொன்னார்கள், பிசிறில்லை. செண்பகவடிவு பிரம்பை மூலையில் சாத்தி வைத்துவிட்டாள். சாயங்காலங்களில் சிலேட்டு திருத்தினாள். எதிரில் இளவஞ்சி உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இருந்தாலும் அம்மாக்காரி தலை நிமிராமல், பழக்க தோஷத்தில், அவ்வப்போது “உம்” என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஆனியில் ஆரம்பித்தது தை வரைக்கும் இப்படியே போயிற்று. இதைச் சொல்லும்போது எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது.

தையில் கப்பல் வந்தது. பிள்ளைகள் வரவேற்புச் சொன்னார்கள். கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. “மூணாவது வரிசையில அந்தப் பொண்ணு தனியா ஒரு தடவை சொல்லட்டும்” என்று கை காட்டினார். இளவஞ்சி எழுந்தாள். வாயைத் திறந்தாள். உதடு ஒவ்வொரு சொல்லுக்கும் சரியாக அசைந்தது. சத்தம் வரவில்லை.

“வாத்தியாரம்மா, இது உங்க பொண்ணுதானே? எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டார் ராஜா.

செண்பகவடிவு மகள் முகத்தைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

“ஆடிப்பெருக்குக்கு முந்தியே எங்கிட்டப் பூ கேக்கறப்ப கையாலதான் காட்டிச்சு” என்றாள் பூக்காரி முத்தழகி. “உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் தாயீ.”

“தண்ணி ஊத்த வரப்பெல்லாம் மாமா மாமான்னு கூப்பிடும். கூப்பிடறது நின்னு ஆறு மாசமாச்சு” என்றான் தண்ணீர் சுமக்கிற சடையன். “உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்மா.”

பக்கத்தில் உட்காருகிற சிறுமி கோமளம் மெதுவாகச் சொன்னாள். “பாட்டு மாதிரி நாங்க சொல்றப்ப இவ சும்மா வாயை அசைப்பா டீச்சர். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

எட்டுக்காதன் கேட்ட குரல் எதுவென்று செண்பகவடிவுக்கு இப்போது விளங்கியது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மொட்டைப்பாறைக்கு ஏறினாள். வழியெல்லாம் முள் கிழித்தது. மேலே எட்டுக்காதன் மூன்று பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

“என் பிள்ளை குரலைக் குடுத்துடு. பள்ளிக்கூடம் போகட்டும், ஊர் போகட்டும்” என்றாள்.

“நீயே எடுத்துக்க” என்றான் அவன். “ஒண்ணு நிஜம். ரெண்டு, நான் செஞ்ச போலி. சரியா எடுத்தா கூட்டிக்கிட்டுப் போ. தப்பா எடுத்தா மூணும் உடைஞ்சிடும். பானை பேசறப்ப குறுக்க ஒரு சொல் பேசினாலும் உடைஞ்சிடும்.”

மூன்று பானைகளின் மூடியையும் திறந்தான். முதல் பானை கேட், பேட், மேட் என்று ராகம் போட்டது. இரண்டாவதும் அதே ராகம். மூன்றாவதும் அதே ராகம். தலை, நடுத்துண்டு, வால் சொல்லச் சொன்னாள். மூன்றும் ஒன்றுபோலச் சொன்னது. தொடர்களைச் சொல்லச் சொன்னாள். மூன்றும் ஒன்றுபோலச் சொன்னது. கண்ணை மூடிக் கேட்டாள், திறந்து கேட்டாள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரியும்படி அவள் காதைப் பழக்கவில்லையே.

செண்பகவடிவு மகள் முன்னால் மண்டியிட்டாள். “எது உன் குரல்னு எனக்குத் தெரியலைம்மா. அம்மாவுக்குத் தெரியலை” என்றாள். இளவஞ்சி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதுல ஒண்ணை நான் தினமும் சாயங்காலம் கேக்கறேன்” என்றான் எட்டுக்காதன். “நல்ல குரல். இத்தனை பேச்சை எப்படித்தான் கேக்காம விட்டு வச்சியோ.”

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. வாத்தியார்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் வாத்தியாருக்கு முன்பே பதில் தெரியும். அவளும் அதுவரை அப்படிப்பட்ட கேள்விகளைத்தான் கேட்டிருந்தாள். பானைகள் பக்கம் திரும்பி, பதில் தெரியாத ஒரு கேள்வியை முதன்முதலாகக் கேட்டாள்.

“எங்கிட்ட சொல்லி, நான் கேக்காம விட்டது என்ன?”

முதல் பானை கேட், பேட், மேட் என்றது. இரண்டாவது பானையும் கேட், பேட், மேட் என்றது. மூன்றாவது பானை ராகம் போடவில்லை. பேசத் தொடங்கியது.

“அம்மா, எனக்குக் கடவாப்பல் விழுந்துடுச்சு. ரத்தம் வந்துச்சு. நானே துணியை வச்சு அடைச்சுக்கிட்டேன்” என்றது. “அம்மா, கோமளம் அவ வீட்டுல ஆடு குட்டி போட்டிருக்குன்னா, பார்க்கப் போகட்டுமா?” என்றது. “அம்மா, காது வலிக்குது” என்றது. “அம்மா, அப்பா முகம் எனக்கு மறந்துகிட்டே வருது. எப்படி இருப்பாங்கன்னு ஒரு தடவை சொல்றியா?” என்றது.

நிற்கவே இல்லை. அத்தனை சாயங்காலத்துப் பேச்சும் வந்தது. நடுவில் அந்தக் குரல் இங்கிலீஷ் சொற்களைத் தப்பும் தவறுமாகச் சொன்னது. திருத்தச் சொல்லி நாக்கு துடித்தது, செண்பகவடிவு பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயில் வந்த “உம்”மையும் விழுங்கினாள். உச்சி வெயில் சாய்ந்து மஞ்சள் வெயில் ஆகும்வரைக்கும் கேட்டாள். கண்ணீர் தன் பாட்டுக்கு ஓடியது. பானை ஓய்ந்த பிறகு அதை எடுத்து மகள் மடியில் வைத்தாள். இளவஞ்சி குனிந்து பானைக்குள் மூச்சை இழுத்தாள். மற்ற இரண்டு பானைகளும் மண்ணாக உதிர்ந்தன. எட்டுக்காதன் எட்டுக் காதையும் இரண்டு கையால் பொத்த முடியாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கீழே ராஜா பல்லக்கு அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடம் அவளுக்கே என்று ஓலையும் வந்திருந்தது. இனிமேல் பிள்ளைகளை ஒவ்வொருவராகத்தான் பேசவிடுவேன், பிசிறு தட்டினால் தட்டட்டும் என்று அவள் பதில் சொல்லி அனுப்பினாள். பல்லக்கு வேண்டாம் என்று இரண்டு பேரும் கடற்கரையோடு நடந்தார்கள். இளவஞ்சி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. செண்பகவடிவும் கேட்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டியது தன் முறை என்று அவளுக்குப் பட்டது.

பாதி வழியில் இளவஞ்சி நின்றாள்.

“அவன் திருடலைம்மா” என்றாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. “ஒரு நாள் வாசல்ல வந்து நின்னு கேட்டான். உன் குரல் இந்த வீட்டுல யாருக்காவது வேணுமா, கேட்டுட்டுச் சொல்லுன்னான். நான் உள்ளே வந்து உங்கிட்டக் கேட்டேன். நீ ‘எல்லாத்தையும் திருத்திட்டு வரேன்மா’ன்ன. அதுக்கப்புறம்தான் வெளியில போய் நானே குடுத்துட்டேன்.”

செண்பகவடிவு மணலில் உட்கார்ந்து அழுதாள். மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாயம் தீர்ந்தது, என் கதையும் தீர்ந்தது. அந்த அழுகை மட்டும் அவர்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் தீரவில்லை.